உலகம் ஏன் இருக்கிறது? மெய்கண்டார் காட்டிய விடை



சமய குரவர் நால்வர் யார் என்று கேட்டால், தேவார வகுப்புக்குப் போன நம்ம பிள்ளைகள் சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் என்று ஒரே மூச்சில் சொல்லிடுவாங்க. சந்தான குரவர் நால்வர் யார் என்று கேட்டுப் பாருங்க. கொஞ்சம் அமைதி. அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பாங்க. மெய்கண்டார், அருள்நந்தி சிவாசாரியார், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவம் ஆகிய நால்வர்தாம் அவர்கள். முன்னவர்கள் பாடி வளர்த்த சைவத்துக்குப் பின்னவர்கள் தத்துவ வடிவம் கொடுத்தார்கள். அவர்களில் முதல்வரான மெய்கண்டாரின் வாழ்க்கையைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. புந்தோங்கில் நான் பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடத்துகிறேன். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. பிரபஞ்சம் ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் விரியத் தொடங்கியது என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறாங்க. சரி, அப்போ ஏன் அது தொடங்கணும்? எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே? கடவுள் செய்தார் என்றால், அவருக்கு இது எதற்கு? பெரியவர்கள் பலர் இந்தக் கேள்விக்கு, சாமி விஷயத்தில் ரொம்ப ஆராயக்கூடாது என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். வாய் அடைபடும், கேள்வி அடைபடாது. அது மனசுக்குள்ளேயே கிடந்து, ஒருநாள் பிள்ளை கோயில் வாசலைத் தாண்டாமல் போய்விடும்.

நம் சைவத்தில் இந்தக் கேள்விக்குத் தடை கிடையாது. சைவ சித்தாந்தத்தின் தலையாய நூல் தொடங்குவதே இந்த இடத்திலிருந்துதான். அதை அருளியவர் மெய்கண்டார்.

ஏட்டில் கயிறு சாத்திய கதை

காலம் 13ஆம் நூற்றாண்டு. சோழப் பேரரசு சாய்ந்துகொண்டிருந்த நேரம். இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ள பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்ற வேளாளப் பெருமகனார் வாழ்ந்தார். நிலமும் நல்ல பெயரும் இருந்தன, பிள்ளை இல்லை. அவருடைய குடும்ப குரு சகலாகம பண்டிதர். ஆகமங்கள் எல்லாவற்றையும் கற்றவர் என்பதால் அமைந்த பெயர் அது.

களப்பாளர் தன் வேதனையைக் குருவிடம் சொன்னபோது, பண்டிதர் தேவார ஏட்டுச்சுவடியில் கயிறு சாத்திப் பார்த்தார். கயிறு விழுந்த ஏட்டில் என்ன பாடல் வருகிறதோ அதை இறைவன் சொன்ன வாக்காக எடுத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். வந்தது திருவெண்காட்டைப் பற்றிய ஞானசம்பந்தரின் பாடல். அங்குள்ள முக்குளத்தில் நீராடி வழிபட்டவர்க்குப் பிள்ளைப்பேறு உண்டு என்பது அதன் பொருள். கணவனும் மனைவியும் திருவெண்காட்டுக்குப் போய்ச் சூரிய, சந்திர, அக்கினி தீர்த்தங்களில் நீராடி விரதம் இருந்தார்கள்.

மரபில் சொல்லும் அடுத்த பகுதி சுவையானது. இறைவன் கனவில் தோன்றி, இந்தப் பிறவியில் உனக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்று சொன்னாராம். களப்பாளர் மனம் உடையவில்லை. நான் என் விருப்பத்துக்கு வந்தவன் இல்லை, சம்பந்தப் பெருமான் வாக்கை நம்பி வந்தவன், அந்த வாக்கு பொய்க்காது என்று பதில் சொன்னாராம். அந்த உறுதிக்கு இரங்கி, சம்பந்தரைப் போலவே ஒரு பிள்ளை பிறக்கும் என்று இறைவன் வரம் அருளினார். பிறந்த பிள்ளைக்கு வெண்காட்டு இறைவனின் பெயரையே வைத்தார்கள்: சுவேதவனப் பெருமாள்.

வெண்ணெய்நல்லூர்க் குழந்தை

குழந்தையை அதன் தாய்மாமன் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்துப்போய் வளர்த்தார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. சுந்தரரின் திருமணத்தன்று இறைவன் முதியவராக வந்து, நீ என் அடிமை என்று வழக்காடி அவரைத் தடுத்தாட்கொண்ட தலமும் அதுதான். ஓர் உயிரின் மீது இறைவனுக்கு உரிமை உண்டு என்று நிரூபணமான ஊரில், அந்த உரிமை என்ன என்று விளக்கிய குருவும் வளர்ந்தார். எனக்கு இது எப்போதும் பொருத்தமாகத் தோன்றும்.

பிள்ளைக்கு ஏறக்குறைய மூன்று வயது இருக்கும்போது, கயிலையிலிருந்து பொதிகை மலைக்கு அகத்தியரைக் காண வான்வழியே போய்க்கொண்டிருந்த பரஞ்சோதி முனிவர், வெண்ணெய்நல்லூருக்கு மேலே வந்ததும் பயணம் தடைபட்டுக் கீழே இறங்கினாராம். பக்குவப்பட்ட குழந்தை ஒன்று அங்கே இருப்பதைக் கண்டு, அதற்கு உபதேசம் செய்து, மெய்கண்டார் என்று பெயரிட்டார். முனிவரின் குருவான சத்தியஞான தரிசினியின் பெயரைத் தமிழில் சொன்னால் மெய்கண்டார் என்றுதான் வரும். தன் குருவின் பெயரையே ஒரு சிறு பிள்ளைக்குச் சூட்டினார் என்றால், அந்தப் பிள்ளையிடம் எதைக் கண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்க.

வானத்தில் பறந்த முனிவர் கதையை இக்காலத்தில் எப்படி நம்புவது என்று சில தம்பிமார் கேட்பார்கள். மரபு சொல்வதை மரபு சொன்னபடியே நான் எழுதியிருக்கிறேன். ஆனா ஒன்று கவனியுங்க. மெய்கண்டார் தன் நூலில் எந்த அற்புதத்தையும் காட்டி எதையும் நம்பச் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் மூன்று படியில் சொல்கிறார். முதலில் மேற்கோள், அதாவது தான் நிறுவப்போகும் கருத்து. அடுத்து ஏது, அதற்கான காரணம். பிறகு எடுத்துக்காட்டு, நாம் கண்ணால் பார்த்துப் பழகிய ஒன்றை வைத்து விளக்கும் வெண்பா. காரணம் சொல்லாமல் ஒரு வரிகூட நகராத நூல் அது.

நாற்பது வரியில் ஒரு தத்துவம்

திருவெண்ணெய்நல்லூரில் பொள்ளாப் பிள்ளையார் என்று ஒரு விநாயகர் இருக்கிறார். பொள்ளா என்றால் உளியால் செதுக்கப்படாத என்று பொருள். தானாகத் தோன்றிய மூர்த்தி. அவர் திருமுன் இருந்து, தான் பெற்ற உபதேசத்தைச் சிந்தித்துச் சிந்தித்து, மெய்கண்டார் தமிழில் அருளிய நூல் சிவஞானபோதம். மொத்தம் 12 சூத்திரங்கள், 40 வரிகள். ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும். முதல் ஆறும் பொது, அடுத்த ஆறும் உண்மை. மூன்று மூன்று சூத்திரமாக நான்கு இயல்கள். இந்தச் சின்ன நூலுக்கு 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் ஒரு பெரும் புத்தகம். விதை எவ்வளவு சிறிது, மரம் எவ்வளவு பெரிது பாருங்க.

அந்த 12இல் முதல் சூத்திரம்தான் நம் கேள்விக்கு விடை. என் சொற்களில் சொல்கிறேன்.

ஆண், பெண், மற்றப் பொருள் என்று நாம் சுட்டிக்காட்டக்கூடிய எல்லாவற்றுக்கும் மூன்று செயல் உண்டு: தோன்றும், இருக்கும், மறையும். இதற்கு ஈப்போவில் இருக்கிற நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய ஈய வயல்களில் ஒன்று. 1985இல் ஈய விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடின. இன்றைக்கு மிச்சம் ஈயக்குட்டைகள்தான். நான் பிறந்த தோட்டத்தில் லயம் இருந்தது, பால் நிறுக்கிற கொட்டகை இருந்தது, பெரட்டுக் களம் இருந்தது. இப்போது அங்கே வீடமைப்புத் தாமான். சாமி மேடை மட்டும் ஓர் ஓரத்தில் நிற்கிறது.

மனிதர் கட்டியது போகும், மலை போகுமா என்று ஒருவர் கேட்கலாம். தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து காவடி எடுத்துக்கொண்டு போகிறோமே, அந்தக் குனோங் சீரோ கல்லுமலை சுண்ணாம்புக்கல். நம் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் 25 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சிப்பிகளும் பவளங்களும் படிந்து உண்டானது என்று நிலவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். மலைக்கும் பிறந்தநாள் உண்டு. மழைநீர் அதைத் துளித்துளியாகக் கரைத்துக்கொண்டும் இருக்கிறது.

மெய்கண்டார் காலத்திலும் மறுப்பவர்கள் இருந்தார்கள். உலகத்துக்குள் இருக்கும் பொருள்கள் தோன்றி மறைகின்றன, ஆனால் உலகம் முழுதும் மறைந்ததை யார் பார்த்தது என்று கேட்டார்கள். அவர் பதில் எளிமையானது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பகுதி முளைத்து ஒரு பகுதி உதிர்வதைப் பார்க்கிறோம் அல்லவா, பகுதிகளுக்கு உள்ள இயல்புதான் அந்தப் பகுதிகளால் ஆன முழுமைக்கும்.

இல்லாததிலிருந்து எதுவும் வராது

இங்கேதான் மெய்கண்டார் மற்றவர்கள் போகாத பக்கம் திரும்புகிறார். உலகம் தோன்றியது சரி, எதிலிருந்து தோன்றியது? ஒன்றுமே இல்லாத வெறுமையிலிருந்தா? இல்லை என்கிறார். இல்லாதது தோன்றாது, உள்ளது அடியோடு அழியாது. ஒடுங்கிய உலகம் எங்கே ஒடுங்கியதோ, அந்த இடத்திலிருந்துதான் திரும்பத் தோன்றும். அந்த மூலப்பொருளுக்கு மாயை என்று பெயர். மாயை என்றால் சித்தாந்தத்தில் பொய் என்று பொருள் இல்லை, அதைத் தயவுசெய்து மனசில் வைங்க. உலகத்துக்கு முதலாக இருக்கும் உண்மைப் பொருள் அது.

நம்ம ஊர் முறுக்கை எடுத்துக்கொள்ளுங்க. புந்தோங் என்றாலே நாடு முழுக்கக் கச்சாங் பூத்தே ஞாபகம்தானே வரும்! மாவு இல்லாமல் முறுக்கு இல்லை. மாவு இருந்தால் மட்டும் போதாது, அச்சும் அடுப்பும் வேண்டும். இரண்டும் இருந்தாலும் மாவு தானாக எழுந்து அச்சுக்குள் போகாது, பிழிகிற கை வேண்டும். மாவு முதற்காரணம், அச்சு துணைக்காரணம், பிழிகிறவர் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், இறைவனின் சத்தி துணைக்காரணம், சிவபெருமான் நிமித்த காரணம். மாயை அறிவில்லாத சடப்பொருள், தானாக உலகமாக விரியத் தெரியாது. ஆகவே ஒடுக்குகிறவன் ஒருவன் உண்டு. எல்லாம் ஒடுங்கிய பிறகும் ஒடுங்காமல் நிற்பவன் எவனோ, அவனே முதல்வன்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருவோம். முறுக்கு பிழிகிற அக்கா யாருக்காகப் பிழிகிறார்? தன் ஒருத்தி பசிக்கு அத்தனை டின் தேவைப்படாது. சாப்பிடுகிறவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். உலகமும் அப்படித்தான் என்கிறார் மெய்கண்டார். இறைவனுக்குக் குறை ஒன்றும் இல்லை, உலகத்தால் அவனுக்கு ஆகவேண்டியதும் ஒன்றும் இல்லை. உலகம் தோன்றுவது உயிர்களுக்காக. உயிர்களை ஆணவம் என்ற மலம், செம்பில் களிம்பு போல, தொடக்கமில்லாத காலம் முதல் பற்றியிருக்கிறது. இருட்டறையில் கண் இருந்தும் பார்க்க முடியாத நிலை அது. உடம்பு, கருவிகள், உலகம், அனுபவம் எல்லாம் அந்த இருட்டில் இறைவன் ஏற்றிக்கொடுத்த கைவிளக்கு. விடிகிறவரை விளக்கு வேண்டும்.

ஆக, உலகம் ஏன் இருக்கிறது என்றால், உயிர் அறிவு பெறவேண்டும், அதற்காக. இறைவன் பொழுதுபோகாமல் ஆடிய விளையாட்டு என்றோ, உயிர்களை வதைக்கக் கட்டிய சிறை என்றோ மெய்கண்டார் சொல்லவில்லை. பக்குவப்படுகிற உயிருக்கு வேண்டிய பாடசாலை இது.

கேள்வி நிற்கிற இடம்

விவரமான பிள்ளை இங்கே விடமாட்டாள். சரிங்க சார், இறைவனும் உயிரும் ஆணவமும் மாயையும் ஏன் இருக்கணும் என்று கேட்பாள். கேட்கவும் வேண்டும். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை என்பது சித்தாந்தத்தின் விடை. எதுவுமே இல்லாத ஒரு நேரம் இருந்தது, அதன் பிறகு ஏதோ வந்தது என்ற கணக்கையே மெய்கண்டார் ஏற்கவில்லை. வெறுமை ஒருபோதும் இருந்ததில்லை என்றால், ஏன் வெறுமையாக இல்லை என்ற கேள்வி, ஏன் உலகம் இந்த வடிவில் வந்து வந்து போகிறது என்று மாறிவிடுகிறது. அதற்கு அவரிடம் தெளிவான விடை இருக்கிறது.

இது தப்பிக்கிற வழியா என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஏனென்றால் எந்த விடையும் எங்கோ ஓரிடத்தில் கால் ஊன்றித்தான் ஆகவேண்டும். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானிய மேதை 1714இல் எழுதிய ஒரு நூலில் இதே கேள்வியை நேரடியாகக் கேட்டார். தன் இருப்புக்குத் தானே காரணமான கடவுளிடம் போய் அவருடைய விடை நின்றது. அறிவியல் இயற்கை விதிகளில் போய் நிற்கிறது, அந்த விதிகள் ஏன் என்று கேட்டால் ஆய்வு தொடர்கிறது என்கிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலம், 129ஆம் சூக்தமோ, படைப்பு எப்படி வந்தது என்று வியந்து வியந்து, கடைசியில் ஒரு கேள்வியாகவே முடிகிறது. வேதத்துக்கே கேட்கத் தயக்கம் இல்லை. மெய்கண்டார் மூன்று உண்மைகளில் கால் ஊன்றினார். ஊன்றிய இடத்தையும் மறைக்காமல் சொன்னார். லைப்னிட்ஸுக்கு 400 ஆண்டுகளுக்கு முன்னால், நடு நாட்டுக் கிராமம் ஒன்றில், நம் தாய்மொழியில் இந்தச் சிந்தனை நடந்திருக்கிறது. இது நமக்குத் தெரியாமலே நாம் வளரலாமா?

குருவின் குருவே சீடரான நாள்

மெய்கண்டாரின் வாழ்க்கையில் எல்லாரும் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சின்னப் பிள்ளை ஒருவர் வெண்ணெய்நல்லூரில் சித்தாந்தம் சொல்கிறார், பெரியவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்ற செய்தி சகலாகம பண்டிதருக்கு எட்டியது. ஏட்டில் கயிறு சாத்தி அந்தப் பிள்ளை பிறக்க வழிகாட்டியவரே அவர்தான். வயதில் மூத்தவர், குடும்ப குரு. தன் மாணவர்களே அங்கே போய்க் கேட்கத் தொடங்கினால் யாருக்குத்தான் மனசு பொறுக்கும்? புறப்பட்டு வந்தார்.

மெய்கண்டார் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பண்டிதரைக் கண்டு எழவில்லை, வரவேற்கவும் இல்லை. பண்டிதருக்குச் சினம். அப்போது நடந்துகொண்டிருந்த பாடம் ஆணவ மலத்தைப் பற்றியது. ஆணவத்தின் வடிவம் எப்படி இருக்கும் என்று பண்டிதர் கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. கேட்டு நின்றவரை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

பண்டிதருக்கு விளங்கிவிட்டது. கேட்ட கேள்விக்கு விடை தானேதான். அந்த இடத்திலேயே விழுந்து வணங்கி, தன்னைவிடப் பல வயது இளையவரைக் குருவாக ஏற்றார். அருள்நந்தி என்ற பெயரும் பெற்றார்.

தோற்றுப்போன ஒரு பெரியவரின் கதை என்று இதை நினைக்காதீங்க. எத்தனை ஆகமம் படித்தாலும் தன்னைப் பார்க்கத் தெரியவில்லை என்றால் படிப்பு முழுமை ஆகாது என்று ஒரு நொடியில் ஏற்றுக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! மெய்கண்டாருக்கு 49 மாணவர்கள் என்று மரபு சொல்கிறது. அவர்களில் தலையாயவர் இந்த அருள்நந்தி சிவாசாரியார்தான்.

சீடர் ஆனதும் அவர் கேள்வியை நிறுத்திவிடவில்லை. இருபா இருபஃது என்ற நூல் முழுக்கவும் அவர் தன் குருவைப் பார்த்துக் கேட்கும் ஐயங்கள். சிவஞான சித்தியார் என்ற பெருநூலில், பரபக்கம் என்ற முதல் பகுதியில், 14 மாற்றுக் கொள்கைகளை எடுத்து அவரவர் வாதத்தைச் சொல்லி, பிறகே மறுக்கிறார். அதில் முதலில் நிற்பது உலகாயதம், கடவுளும் இல்லை உயிரும் இல்லை என்ற கட்சி. மறுக்கப்போகிறவனுக்கும் முதலில் பேச இடம் கொடுத்த மரபு நம்முடையது. மெய்கண்டாரின் இன்னொரு சீடர், திருவதிகை மனவாசகம் கடந்தார், எழுதிய உண்மை விளக்கம் முழுவதும் மாணவன் கேட்க குரு விடை சொல்லும் வடிவம். கேள்வி கேட்காதே என்று நம்மைத் தடுப்பவர்கள் இந்த நூல்களைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

அருள்நந்தியின் சீடர் மறைஞான சம்பந்தர். அவர் சீடர் தில்லை உமாபதி சிவம். உமாபதி சிவம் எழுதிய சங்கற்ப நிராகரணம் 1313ஆம் ஆண்டுக்குரியது. இப்படி நான்கு தலைமுறையில் சித்தாந்த சாத்திரங்கள் 14 என்ற தொகுதி நிறைவு பெற்றது. அவற்றின் நடுநாயகம் சிவஞானபோதம். 1895இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கவுரையோடு வெளியிட்டு, வெளிநாட்டு அறிஞர்களும் படிக்கச் செய்தார்.

வெண்ணெய்நல்லூரிலேயே வாழ்ந்த மெய்கண்டார் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அவர் சமாதி அந்த ஊரில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மாதம் சுவாதி நட்சத்திரத்தில் அவருக்குக் குருபூசை நடக்கிறது.

நமக்கு இதனால் என்ன?

சில வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு தம்பி. எஸ்.பி.எம். எழுதவேண்டிய ஆண்டு, அம்மா நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். சடங்கெல்லாம் முடிந்து மூன்றாவது வாரம் வகுப்புக்கு வந்தான். மற்றப் பிள்ளைகள் போன பிறகு கேட்டான். கடவுளுக்கு உலகத்தால் ஒன்றும் ஆகவேண்டியது இல்லை என்று சொல்றீங்களே, அப்போ எங்கம்மா படுத்த பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று.

அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தச் சூத்திரத்தையும் ஒப்புவித்துவிட்டு நகர முடியாது. அன்றைக்கு நான் அவன் கூடவே உட்கார்ந்திருந்தேன். பிறகு பல வாரம் இருவரும் சிவஞானபோதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தோம். மூன்றாம் சூத்திரத்தில் அவன் நின்றான். உடம்பை ஆராய்ந்து, இது நான் இல்லை, இது நான் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாலும், தள்ளுகிற ஒருவன் மிஞ்சுகிறான் அல்லவா, அவனே உயிர் என்பது அதன் கருத்துகளில் ஒன்று. அப்படின்னா எங்கம்மாவின் உடம்புதான் போச்சு என்று அவனே சொன்னான். எட்டாம் சூத்திரத்தில் இன்னொரு தடவை நின்றான். அரசன் மகன் ஒருவன் தான் யாரென்று தெரியாமல் வேடரிடையே வளர்ந்தது போல உயிர் ஐம்புலன்களிடையே வளர்கிறது, குருவாக வந்து இறைவனே அதற்கு உண்மையைச் சொல்கிறான் என்பது அங்கே வரும் செய்தி.

அவனுடைய துக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அம்மா இல்லாத வீடு அம்மா இல்லாத வீடுதான். துன்பம் நல்லது என்று மெய்கண்டாரும் சொல்லவில்லை. அவர் சொல்வது, உடம்பும் வாழ்நாளும் கருவியாகக் கொடுக்கப்பட்டவை, கருவி திரும்பப் பெறப்படும், ஆனால் அதைக் கொண்டு உயிர் பெற்ற பக்குவம் வீண் போகாது. அந்த அம்மா பிள்ளையை வளர்த்த அன்பு அந்த உயிரின் பக்குவம். அது எந்தக் கணக்கிலும் விட்டுப்போகாது. இதை அந்தத் தம்பி ஏற்றானா என்பதை அவன்தான் சொல்லவேண்டும். வகுப்புக்கு வருவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை, கேட்பதையும் நிறுத்தவில்லை.

தம்பி தங்கைகளே, இந்தக் கேள்வி அறிவுக்கு வேலை கொடுக்கும் புதிர் மட்டும் இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதினேன். நான் ஏன் இருக்கிறேன், எனக்கு என்ன மதிப்பு என்று இரவில் தனியாகப் படுத்து யோசிக்கிற பிள்ளைகள் நம் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் நிறைய. மெய்கண்டார் அவர்களுக்குச் சொல்வது இதுதான். நீ விபத்தாக வந்தவன் இல்லை. இத்தனை பெரிய உலகம் உன்னைப் போன்ற உயிர்களுக்காகவே விரிக்கப்பட்டது. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறார். உன் பக்கத்தில் இருப்பவனுக்காகவும்தான் அது விரிக்கப்பட்டது, அதனால் உனக்கு மட்டும் என்று பிடித்துக்கொள்ளாதே. பிடித்துக்கொள்வதற்குப் பெயர்தான் ஆணவம்.

ஒரு வேண்டுகோள். வரும் ஐப்பசி சுவாதியன்று உங்கள் கிளையில் மெய்கண்டாருக்கு ஒரு சின்னக் குருபூசை வைங்க. பெரிய செலவு வேண்டாம். ஒரு படம், ஒரு விளக்கு, கொஞ்சம் சுண்டல் போதும். அன்றைக்கு முதல் சூத்திரத்தை மட்டும் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேள்வி கேளுங்க. விடை தெரியாத கேள்வியை ஒரு நோட்டில் எழுதி வைங்க. மாதம் ஒரு சூத்திரம் என்று போனால் ஒரே ஆண்டில் பன்னிரண்டும் முடிந்துவிடும். கேள்வி கேட்கிற தம்பியையோ தங்கையையோ யாரும் அதட்டவேண்டாம். பெரிய பண்டிதர் கேட்ட ஒரு கேள்வியில்தான் இந்தப் பரம்பரைக்கு இரண்டாவது குரு கிடைத்தார்.

சிவாயநம.